கட்டை கிட்டாருக்குக் குரல் வைத்த கதை

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்கிறவனிடம் யாரும் நல்ல சத்தத்தைக் கொண்டுவருவதில்லை. இரைச்சல், கரகரப்பு, ஊளை, இல்லாவிட்டால் ஒன்றுமே பேசாத ஊமைப் பெட்டி. இவைதான் நம் கடை வாசலில் வந்து இறங்கும். சரியான பிறகு அந்தச் சத்தம் ஏதோ ஒரு கல்யாண வீட்டிலோ கூட்டத்திலோ போய் ஒலிக்கும். அப்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். அடுத்த ஊமைப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்போம்.

ஆம்பூர் பஜாரில் வால்வு ரேடியோ காலத்தில் கடை போட்டவன் நான். இப்போது டேப் ரிக்கார்டர்கள் வருகின்றன. ஐம்பதைத் தாண்டிய பிறகு, இத்தனை நாள் செய்ததில் எது உருப்படி என்று மனசு தன்னையே நச்சரிக்க ஆரம்பிக்கிறது. அப்படி யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கிட்டார்தான் நினைவுக்கு வருகிறது. ஈயப் புகையில் கண்ணையும், ஸ்பீக்கர் முன்னால் காதையும் கெடுத்துக்கொண்ட சக தொழிலாளிகளே, உங்களில் யாரிடமாவது இப்படி ஒரு கிட்டார் வந்திருந்தால், நான் பட்டது உங்களுக்குப் புரியும்.

லுங்கியில் சுற்றி வந்த பலகை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் ஏசுபாதம் வந்தார். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலிலிருந்து மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதை இழுத்துப் புரட்டிப் போடுகிறவர் இவர். கையுறை கொடுப்பார்கள். அது கிழியும். கிழிந்த கையுறைக்குள் சுண்ணாம்பு போய்த் தங்கினால் கையுறை இல்லாததைவிட மோசம். அவருடைய விரல் நுனிகள் கோடைக்கால ஏரி மாதிரி வெடித்திருந்தன. அந்த விரல்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்.

சுற்றியிருந்த பழைய லுங்கியைப் பிரித்து அவர் மேஜைமேல் வைத்தது கிட்டார் வடிவத்தில் வெட்டிய ஒரு பலாப் பலகை. நடுவில் ஓட்டை இல்லை. உள்ளே வெற்றிடம் இல்லை. வெறும் கட்டை. சாதாரண மரக் கிட்டாரில் கம்பிகள் உயரமாக நிற்கும், அழுத்தி வாசிக்க வேண்டும், அழுத்தினால் வெடிப்பு திறந்து ரத்தம் வரும். இந்தக் கட்டையில் கம்பிகளைத் தாழ்வாக இறக்கியிருந்தார், தொட்டாலே போதும். சத்தத்துக்காக, பழைய ரிக்கார்டு பிளேயரிலிருந்து முள் மாட்டுகிற, அதிர்வை மின்சாரமாக்குகிற கிரிஸ்டலைப் பிடுங்கி, கம்பிகள் உட்கார்கிற குதிரைக்குக் கீழே ஒட்டியிருந்தார். என் ஆம்ப்ளிஃபையரில் சொருகி வாசித்துக் காட்டினார். விரல்கள் அருமையாக ஓடின. வெளியே வந்ததோ தகரக் கூரையில் யாரோ சில்லறை விசிறின மாதிரி ஒரு சத்தம். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"வாசிக்கிறது நான்தாண்ணே. ஆனா ஸ்பீக்கர்ல கேக்கறப்ப, எவனோ எனக்கு ஆகாதவன் வாசிக்கிற மாதிரி கீது."

வாத்தியாரின் காது

வெறும் ஆசைக்காக வந்தவர் என்றால் குமிழை ஒரு சுற்று சுற்றிவிட்டு அனுப்பியிருப்பேன். விஷயம் அப்படி இல்லை. தோல் டாக்டர் அவரிடம், சுண்ணாம்பை விடாவிட்டால் இந்த விரல்கள் எதற்கும் உதவாமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார். டேனரியில் வேறு பிரிவு கேட்டுப் பார்த்தார். மேஸ்திரி 'பாக்கலாம்' என்றார். அந்த 'பாக்கலாம்' என்ன என்று ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும். இந்த நிலைமையில், ஊருக்கு வெளியே இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. சாமுவேல் வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைக்கும். அவர்தான் சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் ஏசுபாதத்தின் வாசிப்பை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆனால் வாத்தியாருக்கு மின்சாரத்தில் வருகிற எந்தச் சங்கீதமும் ஆகாது. ஆர்மோனியத்தைத் துடைப்பதற்கே தனித் துணி வைத்திருக்கிறவர். அந்தப் பலகையின் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பாதிப் பாட்டிலேயே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாராம். கோபப்படவில்லை. அதுதான் ஏசுபாதத்துக்கு அதிகமாக வலித்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். வாத்தியார் அவர் தோளில் கைவைத்து அமைதியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, கிட்டாரை எடுத்துட்டு வா, கேக்கறேன். இது கருவாட்டு டப்பா."

பள்ளிகொண்டாவில் ஊளை

என் முதல் யோசனை சுலபமானது. கட்டை எதற்கு? சர்ச்சிலேயே ஒரு மரக் கிட்டார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கிரிஸ்டலை ஒட்டிவிட்டால், அதிகம் அழுத்தாமல் வாசித்தாலும் மரத்தின் இயல்பான குரலே ஸ்பீக்கரில் வந்துவிடும் அல்லவா? கடைக்குள் வைத்துப் பார்த்தபோது அப்படித்தான் வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைகூட. அந்த வாரம் பள்ளிகொண்டாவில் ஏசுபாதத்தின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, மரக் கிட்டாரோடு மேடை ஏறினார். நானும் போயிருந்தேன்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் ஆரம்பித்தது. ஸ்பீக்கரிலிருந்து போன சத்தம் கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து, அங்கே பெருத்து, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, ஒரே ஊளை. குறைத்தால் கிட்டார் கேட்கவில்லை, கூட்டினால் கிட்டாரைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பெண்ணின் அப்பா காதைப் பொத்திக்கொண்டார். ஏசுபாதம் விட்டுக்கொடுக்காமல் வாசித்தார். மூன்றாவது பாட்டுக்குள் பிளாஸ்திரி சிவந்துவிட்டது. ஓட்டையில்லாத கட்டைதான் ஊளையிடாது, அந்த விரலும் அதைத்தான் தாங்கும் என்று அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நாய் ஊளையிட்டா கல்லால அடிக்கலாம். இதை இன்னாத்தால அடிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

டிரம்மு செய்கிறவரின் மரம்

அந்தக் கட்டையை இழைத்துக் கொடுத்தவர் நூருல்லா பாய். அவருடைய தொழில் கிட்டார் செய்வதல்ல. டேனரிகளில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம்முகள் செய்கிறவர். சொட்டுத் தண்ணீர் ஒழுகாத டிரம்மு வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏசுபாதத்தின் மேல் இருந்த பிரியத்தில், டிரம்முக்குப் போடுகிற அதே அக்கறையோடு கிட்டாரையும் இரண்டு பலகை ஒட்டி, மர ஆணி அடித்து, மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தார். ஆற்றில் போட்டால் படகு மாதிரி மிதக்கும்.

எனக்கு அதில் ஒரு குழி தேவைப்பட்டது. கிரிஸ்டலின் குரல் மிகவும் பலவீனமானது. அதை நேராக நீள ஒயரில் இழுத்து மைக் சொருகுகிற இடத்தில் கொடுத்தால், வழியிலேயே அடிக்குரல் செத்துவிடும், கீச்சு மட்டும்தான் போய்ச் சேரும். தகரச் சத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கிட்டாரின் உடம்புக்குள்ளேயே ஒரு சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்டையும் ஒரு பேட்டரியையும் வைத்து, குரல் பிறக்கிற இடத்திலேயே அதற்குத் தெம்பு கொடுத்து அனுப்ப வேண்டும். இதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, நூருல்லா பாய் உளியைக் கையில் எடுக்காமல் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கற்ற வித்தையெல்லாம் ஓட்டையை அடைப்பது. நான் அவரை ஓட்டை போடச் சொல்கிறேன். கடைசியில் ஏசுபாதத்தின் கையைப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தார். எடுத்தபோதும் சமாதானம் ஆகவில்லை:

"ஓட்டை போட்டா ஒழுகும், அது எனக்குத் தெரியும். ஓட்டை போட்டா பாடும்னு நீங்க சொல்றீங்க. அல்லா உங்க பக்கம் இருக்கட்டும், ரேடியோக்காரரே."

தோல் வைத்தது

சர்க்யூட் வைத்த பிறகு அடிக்குரல் வந்துவிட்டது. ஆனால் மேலே ஒரு கூர்மை மிச்சம் இருந்தது. கம்பியைத் தொடுகிற நகத்தின் சத்தம்கூட ஸ்பீக்கரில் கிழித்துக்கொண்டு வரும். ஒரு வாரம் கழித்து ஏசுபாதம் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அதுவே முதல் தடவை. வாசித்துக் காட்டினார். கூர்மை போயிருந்தது. கம்பிக்கும் காதுக்கும் நடுவில் யாரோ ஒரு போர்வையை விரித்த மாதிரி இருந்தது. என்ன செய்தீர்கள் என்றால் சொல்லவில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது ஜாஸ்தி என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மழை பிடித்ததும் கட்டை கரகரக்க ஆரம்பித்தது. பிறகு பொரிந்தது. பிறகு ஊமையாகிவிட்டது. திறந்து பார்த்தேன். கிரிஸ்டலுக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு தோல் துண்டு. ஆம்பூரில் ஆடுகிற மேஜைக்கால், அடிக்கிற கதவு, ஒழுகுகிற குழாய், எல்லாவற்றுக்கும் தோல் துண்டுதான் மருந்து. அவரும் அதையே செய்திருக்கிறார். யோசனை தப்பில்லை, தோல்தான் தப்பு. பாதிப் பதத்தில் இருந்த தோல். உப்பும் ஆசிடும் குடித்த தோல். அது மழைக்காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, திருகாணியெல்லாம் பச்சை பூத்து, ஒயர் நூலாகி, கிரிஸ்டல் கரைந்தே போயிருந்தது. பழைய கிரிஸ்டலும் ஒரு வகை உப்புதான், ஈரம் பட்டால் தாங்காது. வாத்தியார் கேட்பதற்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. தோல் துண்டை இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். ஏசுபாதம் அதை வாங்கி மோந்து பார்த்தார், எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு:

"அதை நம்பித்தாண்ணே வீட்ல அடுப்பு எரியுது. அதை நம்பாம நான் வேற எதை நம்பி வைப்பேன்?"

சர்ச் வாசலில் குழி

மெட்ராஸிலிருந்து ஈரத்துக்கு அஞ்சாத பீங்கான் வகைக் கிரிஸ்டல் வரவழைத்தேன். வார்னிஷ் பூசினேன். நடுவில் சைக்கிள் டியூப் வைத்துப் பார்த்தேன், சத்தம் அமுங்கிவிட்டது. தக்கை வைத்தேன், உலர்ந்து உதிர்ந்தது. கடைசியில் கையுறைக்குப் போகிற, முழுப் பதம் முடிந்த மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை அவரே தேடிக் கொண்டுவந்தார். உப்பில்லை, வாசனைகூட இல்லை. அது சரியாக உட்கார்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டோம். அடுத்த ஞாயிறு சர்ச்சில் வாசிக்க உட்கார்ந்தவர், கம்பியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஷாக்.

கடையில் அடிக்காதது அங்கே ஏன் அடித்தது? கடையில் செருப்பு போட்டுக்கொண்டு வாசித்தார். சர்ச்சுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அன்று காலையில் கழுவித் துடைத்த ஈரத் தரை, வெறுங்கால், எர்த் ஒயர் இல்லாமல் இரண்டே ஒயரில் ஓடுகிற பழைய ஆம்ப்ளிஃபையர். முதல் நாளிலிருந்தே கம்பிகளின் சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலுக்கும் அதுவேதான் காரணம். கர்த்தருடைய சந்நிதியில் செருப்பு போடு என்று நான் அவரிடம் சொல்ல முடியுமா? கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்க, சர்ச் சுவருக்கு வெளியே எர்த் குழி தோண்ட அனுமதி வாங்கினேன். கரியும் உப்பும் போட்டு நிரப்ப வேண்டும். உப்புக்கு ஆம்பூரில் பஞ்சமில்லை, தோலிலிருந்து உதறிய உப்பே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இடுப்பளவு ஆழத்தில் நானும் ஏசுபாதமும் மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது, சர்ச் காவல்காரர் கேட்டைச் சாத்திவிட்டு ஓடிவந்தார்:

"சீக்கிரம் மூடுங்கப்பா. தெருவுல போறவங்கெல்லாம் யாரு செத்துட்டாங்கன்னு கேக்கறாங்க, என்னால பதில் சொல்லி மாளல."

திரும்பி நின்று கேட்டவர்

இரைச்சல் நின்றது. ஷாக் நின்றது. இனிமேல்தான் உண்மையான கஷ்டம். கெட்டதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்லது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மிச்சம் இருந்தது சுத்தமான ஒரு வெறுமை. மரக் கிட்டாரில் கம்பியைத் தட்டிய பிறகு மரம் ஒரு மூச்சு விடும். அந்த மூச்சு இதில் இல்லை. சர்ச்சின் மரக் கிட்டாரை இரவல் வாங்கி, அதன் முதுகில் காதை வைத்து நாள்கணக்கில் கேட்டேன். அதுவரை மாட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எவ்வளவு நல்ல குரலையும் மூக்கால் பேச வைக்கும் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூருல்லா பாய் டிரம்முக்கு அறுத்ததில் மீந்த பலகையில் ஒரு பெட்டி அடித்து, அதில் அகலமான ஸ்பீக்கரை உட்கார வைத்தேன். கட்டைக்கு இல்லாத வயிற்றை அந்தப் பெட்டி கொடுத்தது. அடிக்குரலைக் கொஞ்சம் ஏற்றி, மூக்குச் சத்தம் வருகிற நடுப்பகுதியைக் கொஞ்சம் இறக்கினேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் ராத்திரி படுத்தால் வேறு ஒரு கேள்வி. இல்லாத வயிற்றை இருப்பது போலக் காட்டி ஒரு வயசானவரை ஏமாற்றுகிறோமா? மூக்குக்கண்ணாடி போட்டவன் பார்ப்பது பொய்யா என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். பதில் தூக்கத்தைக் கொடுக்கவில்லை.

என் காதை நம்ப முடியாத நிலைமைக்கு வந்ததும், ஏசுபாதத்தின் மனைவி ரூத்தைக் கடைக்கு வரச் சொன்னேன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். நாளெல்லாம் மிஷின் சத்தத்தில் இருந்தாலும், எந்த மிஷினில் நூல் சிக்கப் போகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார் என்று ஏசுபாதம் பீற்றிக்கொள்வார். ரூத்தைத் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்து, ஏசுபாதத்திடம் ஒரே பாட்டை முதலில் மரக் கிட்டாரிலும் பிறகு கட்டையிலும் வாசிக்கச் சொன்னேன். எது மரம் என்று அவருக்குத் தெரியக் கூடாது, அதுதான் பரீட்சை. மரக் கிட்டாரில் அவர் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார், விரல் அப்படி. கட்டையில் விரல் தானாக ஓடியது. முடிந்ததும் எந்தச் சத்தம் பிடித்தது என்று கேட்டேன். ரூத் உடனே திரும்பவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"முதல்ல வாசிச்சது நல்ல கிட்டாருண்ணே. ரெண்டாவது வாசிச்சது இவரு."

கரண்ட் போன சனிக்கிழமை

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பயிற்சி. பாடகர் குழு நின்றது. ஏசுபாதம் வெறுங்காலோடு ஓரத்தில் உட்கார்ந்தார். பெட்டியை நான் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் வைத்திருந்தேன். சாமுவேல் வாத்தியார் கடைசி பெஞ்சில் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு. நான் பாட்டைக் கேட்கவில்லை, வாத்தியாரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெஞ்சின் முதுகில் மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தது. நிற்கவில்லை. கையை உயர்த்தவும் இல்லை. என் வாழ்க்கையில் யாருடைய கட்டைவிரலையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று.

மரக் கிட்டார் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. கட்டைக்குக் கரண்ட் இல்லை என்றால் குரலே இல்லை. நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், கரண்ட் நினைத்தபோது போகிற வட ஆற்காடு ஜில்லாவில் இருந்துகொண்டு இதை யோசிக்கவில்லை. குழு பாட்டை நிறுத்தவில்லை. ஏசுபாதமும் நிறுத்தவில்லை. கேட்காத கிட்டாரில் அவர் விரல்கள் பாட்டோடு போய்க்கொண்டே இருந்தன. வாத்தியார் கண்ணைத் திறந்து எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துவந்து, ஏசுபாதத்துக்கு எதிரில் குனிந்து, கட்டைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். அவ்வளவு கிட்டத்தில் கம்பிகளின் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டிருக்கும், கண்ணாடி டம்ளரை மேஜையில் வைக்கிற மாதிரி. பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே குனிந்திருந்தார்.

முடிந்ததும், "இடது கையைக் காட்டு" என்றார். ஏசுபாதம் கையை மடக்கிப் பின்னால் இழுத்தார். வாத்தியார் விடவில்லை, பிடித்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் நான் அணைந்துபோன பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி விரலையும் பார்த்துவிட்டு வாத்தியார் கையை விட்டார்.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்து ஹெட்மாஸ்டரைப் பாரு. நான் சொல்லி வைக்கிறேன். இந்தப் பலகை வேணாம், வெறுங்கையோட வா."

ஆறிய விரல்

வேலை கிடைத்துவிட்டது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வேண்டியிருந்தது, அதுதான் விஷயம். வாத்தியார் மனசு மாறியது நான் வைத்த குரலாலா, அது போன பிறகு கட்டையில் மிஞ்சிய மெல்லிய சத்தத்தாலா, இல்லை அந்தக் கையைப் பார்த்ததாலா? கரண்ட் போவதற்கு முன்னால் அந்தக் கட்டைவிரல் தாளம் போட்டது நிஜம். அதைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் என்னைத் தேற்றிக்கொண்டேன். வாத்தியாரிடமே கேட்டிருக்கலாம். அவர் ஆர்மோனியத்துக்குத் துருத்தி சரிசெய்ய ஒரு தடவை கடைக்கு வந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஏசுபாதம் கட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஏதாவது ரிப்பேர் என்று நினைத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். ரிப்பேர் இல்லை. சுண்ணாம்பை விட்டதும் விரல்கள் மெல்ல மெல்ல மூடிவிட்டன. புதுத் தோல் வந்து, அதன்மேல் வாசிக்கிறவர்களுக்கு வருகிற காய்ப்பும் வந்திருந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு மரக் கிட்டாரில்தான் சொல்லிக் கொடுக்கிறார், வலியில்லை. விரலை நீட்டி என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். நான் ஒரு தடவை கட்டையை மாட்டி வாசித்துக் காட்டச் சொன்னேன், கடைசியாக அந்தக் குரலைக் கேட்டுக்கொள்ளலாமே என்று. அவர் சங்கடப்பட்டார். வாசிக்கவில்லை. அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போகும்போது திரும்பிச் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்கண்ணே. இது நல்லா இருந்த காலத்துல நான் நல்லா இல்ல. வீட்ல இதைப் பாக்கறப்பல்லாம் ரூத்து என் கையைத்தான் பாக்கறா."

நாம் செய்து கொடுத்தது இனிமேல் தேவைப்படாது என்று ஒருவர் நல்ல கையோடு வந்து சொல்லிவிட்டுப் போவதைவிடப் பெரிய பாராட்டு நம் தொழிலில் கிடையாது என்று எனக்குத் தெரிகிறது, அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளத்தான் இன்னும் தெரியவில்லை.